சின்னம்மாவின் கால் அளவு

ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டிறங்கி, காட்டுப் பாதையில் ஒரு மணித்தியாலம். வேர், கல், யானை மிதித்துக் காய்ந்த குழி, சைக்கிள் உருளாது. அந்தப் பாதை முடிகிற இடத்துப் பள்ளிக்கூடத்தில்தான் சின்னம்மாவுக்குப் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. முதல் மாதத்திலேயே செருப்போடு இரண்டு தரம் கணுக்கால் பிரண்டுவிட்டது. "இன்னொருக்காப் பிரண்டால் வேலையை விட்டிட வேணும்," என்று என் அப்பா தீர்த்துச் சொன்னார். கணுக்காலைப் பிடிக்கிற சப்பாத்து வேண்டும் என்று மட்டும் சின்னம்மா சொன்னார்.

எங்கள் ஊரில் சப்பாத்து வாங்க ஆள் போவதில்லை, ஈர்க்குத்தான் போகும். பாத நீளத்துக்கு ஓர் ஈர்க்கை முறித்துக் கொடுத்தால், பட்டணம் போகிறவர் வாங்கி வருவார். அளவெடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. மத்தியானம் பாயில் கண்ணயர்ந்திருந்த சின்னம்மாவை எழுப்பாமல் அளந்து முறித்தேன். மாமா வவுனியாவிலிருந்து கொண்டுவந்த பூட்ஸ் ஈர்க்குக்கு அச்சொட்டாக இருந்தது. சின்னம்மாவுக்கு விரல் மடங்கியது. படுத்திருக்கிற கால் வேறு, பாரம் தாங்கி நிற்கிற கால் வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சனிக்கிழமை அதை மாற்ற சின்னம்மாவே வவுனியாவுக்குப் புறப்பட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு. நேரே கடைக்குப் போகவில்லை. கால் கொஞ்சம் வீங்கட்டும் என்று பின்னேரம் வரை வெயிலில் சுற்றினார். பிறகு தடித்த காலுறையைப் போட்டு, ஒவ்வொரு சோடியாக மாட்டி, குதி கழலுகிறதா என்று நடந்தார். விரல் முட்டுகிறதா என்று வாசற்படியில் இறங்கினார். ஆறாவது சோடியில் கடைக்கார முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, வாய் திறந்தார்.

"தங்கச்சி, சப்பாத்து வாங்க வந்தீங்களா, பொலிசில சேர வந்தீங்களா?"

"காட்டுக்குள்ளால நடக்கப்போறது நான், நானா. அந்தப் பெட்டியையும் எடுங்கோ."

"அது ஆம்பிளையளின்ர."

"காலுக்கு அது தெரியாது. எடுங்கோ."

சிரித்துக்கொண்டே எடுத்தார். சின்னம்மா நாடாவை இறுக்கினார், நடந்தார், படி இறங்கினார், ஏறினார். கழற்றவில்லை.

சேலைக்குக் கீழே கறுத்த பூட்ஸ். பஸ் நிலையமே பார்த்தது. நான் கையை விட்டுவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரிப் பின்னால் நடந்தேன். சின்னம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. கல் கண்ட இடத்திலெல்லாம் வேண்டுமென்றே மிதித்து, வேகமாக, இன்னும் வேகமாக. பள்ளிக்கூடம் போகிற திங்கட்கிழமை அந்த நடையிலேயே தொடங்கிவிட்டிருந்தது. எனக்கோ, என்னோடு கோபமாக்கும் என்று அழுகை வந்தது. நிலத்துக்குப் பயப்படாமல் நடப்பது அவருக்கு எத்தனை நாளைக்குப் பிறகு என்று அந்த வயதில் தெரியவில்லை.