நிற்கக் கூடாது என்று நான் ஜெபித்த வண்டி

வண்டி நிற்கக் கூடாது என்று ஜெபித்தேன். வண்டி நின்றது. அது நின்றதால்தான் என் மகள் இன்று உயிரோடு இருக்கிறாள். அப்படியென்றால் என் ஜெபம் கேட்கப்பட்டதா, தள்ளப்பட்டதா? எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். பெரிய பதிலாக இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இதழில் சாட்சி எழுதுகிறவர்கள் கண்ணீரோடு எழுதுவார்கள். நான் கோபத்தோடு எழுதுகிறேன். கோபம் தணியட்டும் என்று காத்திருந்து பார்த்தேன், தணியவில்லை. கோபத்தோடு நன்றி சொன்னால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா என்றும் பயமாக இருக்கிறது. அவர் என்னை அறிவார். என் பெயரும் ஊரும் வேண்டாம். தஞ்சாவூருக்குக் கிழக்கே, வாய்க்காலும் வயலுமான ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். நானும் மகள் ரூபியும் மாமனார், மாமியார், கொழுந்தன் சார்லஸோடு ஊரில் இருக்கிறோம். ரூபிக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். பனி விழுந்தால் வரும், அறுப்புத் தூசி பறந்தால் வரும். டவுன் பஸ்ஸில்தான் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கடந்த விடுமுறையில் ஒருநாள் அவரும் கூட வந்தார். நின்றுகொண்டே போன பஸ்ஸில் பிள்ளை இருமி இருமி அவர் சட்டையில் வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "இனிமே என் பொண்ணு இந்தத் தூசியில போகக் கூடாது."

அந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலிருந்து முளைத்ததுதான் அந்த வண்டி. வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய எஸ்யூவி. புதிதாக வாங்க எங்களால் ஆகாது. சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி வந்தார். கறுப்பு நிறம், தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை. ஊருக்குள் வந்தபோது பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கோயில் வாசலில் நிறுத்தி ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மாமியார் கண்ணாடியில் ஜெபமாலையைக் கட்டினார்கள். என் கணவர் விமானம் ஏறினார்.

அவர் போன மாதமே டாஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தது. சார்லஸ் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். நுனியில்கூட ஈரமில்லை. ஊற்றினோம். சில வாரங்களில் மறுபடி எரிந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. இன்ஜினே குடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற, சூடு காட்டும் முள்ளும் நடுவில் நிற்காமல் மேலே போக ஆரம்பித்தது.

வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். எந்த ஆயில், எந்தக் கூலண்ட் என்று தெளிவாக இருந்தது. மாமாவிடம் காட்டினேன். அவர் பல காலம் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர். இன்ஜின் என்றால் அவருக்கு ஒன்றுதான். வாய்க்காலில் குடத்தை முக்கி ரேடியேட்டரில் ஊற்றினார். மோட்டார் கொட்டகையில் இருந்த டிராக்டர் ஆயிலை மேலே ஊற்றினார்.

"மாமா, இதுக்கு அந்த ஆயில் ஆகாதுன்னு புக்குல போட்டிருக்கு."

"புக்கு தண்ணி இறைக்குமா? காவேரித் தண்ணி குடிச்சி வளந்த இன்ஜின் எதுவும் கெட்டதில்ல. நீ போய் புள்ளையப் பாரு."

அத்தையிடம் சொன்னேன், தஞ்சாவூரில் நல்ல ஷெட்டில் காட்டலாம் என்று. "மந்திரிச்ச வண்டிம்மா. சும்மா சும்மா குறை சொல்லாதே, வாய் முகூர்த்தம் பலிச்சிடும்" என்றார்கள். கணவரிடம் போனில் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியாததா?" என்றார். பிறகு மெதுவாக, "அங்க இருக்கிறவங்கதானே பாக்கணும், இங்கேருந்து நான் என்ன பண்றது?" என்றார்.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். சேற்றுத் தண்ணீர் சூடான இரும்புக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, மருமகள் மாமனாரிடம் வாதாடலாமா என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரம். உளுந்து பிடுங்கும் காலம். எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்து, காய் வெடித்து உளுந்து உதிரும். சருகும் தூசியும் காற்றில் எழும். அந்தத் தூசி ரூபிக்கு ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நெபுலைசர் வைத்தேன், கேட்கவில்லை. விலாவுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு மங்கியது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். மாமா என் கையைப் பார்த்தார்.

"வாசல்ல இவ்ளோ பெரிய வண்டி நிக்குது. ஆம்புலன்ஸு வந்து நின்னா ஊரு என்னா சொல்லும்? மகன் வாங்கிக் குடுத்தது அலங்காரத்துக்கான்னு கேக்க மாட்டான்?"

போனைக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன்? இதை நினைக்காமல் நான் தூங்குவதில்லை.

சார்லஸ் ஓட்டினான். பின் சீட்டில் நான், மடியில் ரூபி. கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் எல்லையைத் தாண்டும்போதே முள் ஏறத் தொடங்கியது. என் கண் அதிலேயே இருந்தது. "ஆண்டவரே, நிறுத்திவிடாதேயும். தஞ்சாவூர் வரைக்கும் நிற்காமல் ஓடச் செய்யும். அதற்குப் பிறகு இந்த வண்டி என்ன ஆனாலும் ஆகட்டும்." ரூபியின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை சொன்னேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

ரோடு முழுக்க உளுந்துச் செடி. அதன் மேல்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. அடியில் சரசரவென்று கொடிகள் இழுபடும் சத்தம் கேட்டது. முள் சிவப்புக்குள் போனது.

"அண்ணி, நிறுத்தித் தண்ணி ஊத்திடவா? பின்னாடி கேன்ல இருக்கு."

"நிறுத்தாதே! போ!"

கத்தினேன். என் வாழ்க்கையில் அந்த வீட்டு ஆள் ஒருவரைப் பார்த்து நான் கத்தியது அதுவே முதல் தடவை. கத்தி வாயை மூடுவதற்குள் இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. வண்டி ஒரு வாய்க்கால் மதகுப் பக்கத்தில் உருண்டுபோய் நின்றுவிட்டது. சார்லஸ் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

நான் ஆண்டவரைத் திட்டினேன். மறைக்க மாட்டேன். "இதைத்தானே கேட்டேன், இது ஒன்றைத்தானே கேட்டேன்" என்று முன்னால் எட்டி, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைப் பிடித்து இழுத்தேன். அறுந்து மணிகள் சிதறின.

அப்போது வெளியே கூச்சல். ரோட்டில் உளுந்து அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள்.

"ஏ தாயி, எறங்கு! அடியில நெருப்பு! புள்ளையத் தூக்கிட்டு எறங்கு!"

கதவைத் திறந்ததும்தான் கருகல் வாடை அடித்தது. ஏசிக்குள் எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ரூபியை மார்போடு அணைத்துக் குதித்தேன். அடியில் சுற்றிக்கொண்டிருந்த காய்ந்த கொடிகள் எரிந்துகொண்டிருந்தன. சார்லஸ் பானட்டைத் திறக்கக் கையை வைத்தான்.

"தொறக்காதடா, மூஞ்சி வெந்துரும்!" என்று இன்னொருத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சாக்குகளை வாய்க்காலில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் நனைத்து அடித்தார்கள். நீளக் கழியால் கொடிகளை இழுத்துப் போட்டார்கள். வண்டியின் வயிற்றுப் பக்கம் கருகியதோடு நெருப்பு அடங்கியது.

என்னைக் கூப்பிட்டவள் ரூபியின் முகத்தைப் பார்த்தாள். "நெருப்பு கெடக்கட்டும், இது என்னா புள்ள இப்பிடி இழுக்குது?" என்று அலறிக்கொண்டே நடு ரோட்டுக்கு ஓடி, பின்னால் வந்த டவுன் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அது தஞ்சாவூர் பஸ். என் பிள்ளை இனி ஏறவே கூடாது என்று என் கணவர் சொன்ன அதே பஸ்.

கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "பெரியவங்களே, யாரும் கோச்சுக்காதீங்க. வண்டி நேரா ஆஸ்பத்திரிதான் போவுது. திரும்பி வரும்போது எல்லாரையும் அவங்கவங்க ஸ்டாப்பிங்ல எறக்கி விடுறேன்."

"நீ போப்பா! எங்க ஸ்டாப்பிங் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றது ஒரு குரல். ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். ஒரு அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். யாருக்கும் என் பெயர் தெரியாது. நான் எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் நின்றது.

ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். மாலைக்குள் ரூபியின் உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, "அம்மா, பஸ்ஸுல டிங் டிங் அடிச்சாங்கல்ல" என்றாள். அப்போதுதான் அழுதேன்.

பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு போய் தஞ்சாவூர் ஷெட்டில் விட்டார்கள். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். "சேறு இருக்கு, பாசி இருக்கு. மீன் குஞ்சு ஒண்ணுதான் பாக்கி" என்றார். சார்லஸ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே ஆயில் குடித்த வண்டிதானாம். புகை தெரியாமல் இருக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றார். "அடியில எரிஞ்சுகிட்டே இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா டீசல் பைப்பு புடிச்சிருக்கும். கதவு தெறக்க நேரம் இருந்திருக்காது. அந்த எடத்துல நின்னது உங்க நல்ல நேரம்."

மதகைத் தாண்டினால் அடுத்த ஊர் வரை வெறும் வயல்தான். கண்ணாடியை அறைய ஆள் கிடையாது. நான் கேட்டபடியே ஆண்டவர் செய்திருந்தால், அந்த வெற்று வயலுக்கு நடுவேதான் வண்டி ஓடியிருக்கும்.

பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அத்தை எழுந்து சொன்னார்கள்: "மந்திரிச்ச வண்டி, அதான் மாதா காப்பாத்துனா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதா காப்பாற்றினது உண்மை. எதிலிருந்து காப்பாற்றினாள் என்பதை ஏன் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? தீர்த்தம் தெளித்த வண்டிக்கு ஆயில் வேண்டாமா? நம்பிக்கை என்பது சிவப்பு விளக்கு எரியும்போது கண்ணை மூடிக்கொள்வதா?

நன்றி சொல்கிறேன். முழு மனதோடு சொல்கிறேன். அந்த மதகடியில் என் ஜெபத்தை மறுத்தவருக்கு நன்றி. முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்த கைகளுக்கு நன்றி. நான் மாறியிருக்கிறேன். இப்போது ரூபிக்கு மூச்சு இழுத்தால் யார் முகத்தையும் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன். ஜெபிக்கும்போது ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதில்லை. "பிள்ளை உம்முடையவள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தால், அன்றைக்கே அவரை விட்டுவிடாதீர்கள். திட்டுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி, நான் கேட்க வேண்டியது.

வண்டியைச் சரி செய்துவிட்டோம் என்கிறார்கள். கருகிய இடத்துக்குக் கறுப்பு அடித்தாயிற்று. ரேடியேட்டர் மாற்றியாயிற்று. இன்ஜினை மட்டும் பிரிக்கவில்லை. கெட்டி ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். வாசலில் பளபளவென்று நிற்கிறது. யாரும் இல்லாதபோது நான் ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்க்கிறேன். அளவு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்து அதற்கு விலை பேசி முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த வீட்டுத் தம்பிக்கும் வெளிநாட்டு விசா வந்திருக்கிறது. போவதற்குள் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒரு வண்டி வாங்கி வைக்க வேண்டுமாம். ஆவணியில் என் கணவர் லீவில் வந்ததும் கையெழுத்து. "நமக்கு எவன் சொன்னான்? வாங்குறவன் பாத்து வாங்கட்டும்" என்கிறார் மாமா. "நீ வாயைத் திறந்தா அப்பா தலை நிமிர முடியாது" என்கிறார் கணவர்.

அந்தப் பெண் கைக்குழந்தையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ரூபியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அதே பக்கம். கண்ணாடிக் கூரையைக் குழந்தைக்குக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, புள்ளைய வச்சுக்கிட்டுப் போக நல்லா இருக்கும்ல?" என்றாள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் காபி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

மறுபடி போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லலாமா என்று நான் உங்களைக் கேட்கவில்லை. சொல்லத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆவணிக்குள் சொல்வேன். சொன்ன அன்று மாலை இதே வீட்டு அடுப்படியில் நின்று இதே மாமாவுக்கு நான் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். ரூபிக்காக இரவெல்லாம் முழங்காலில் நின்றவர். என் கணவர் அந்தச் சில நாள் விடுமுறையை என்னோடு பேசாமலே கழித்துவிட்டுத் திரும்பிப் போகலாம். உங்களில் யாராவது ஒரு மருமகள், தன் வீட்டுக்கு எதிராக உண்மையைச் சொல்லிவிட்டு அதே வீட்டில் வாழ்ந்திருந்தால், எப்படி வாழ்ந்தீர்கள் என்று எழுதுங்கள். ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் வார்த்தையை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள்.