ஒற்றையாய் விட்டுவைத்த சீகை மரம்

பத்து வருடங்களுக்கு மேலேயே இருக்கும். அப்போது நான் நீலகிரி மலையில் கிளென்மார்கனில் மின்வாரிய வேலையில் இருந்தேன். கோபிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் குளிர் பழகுவதற்குள் பாதி சர்வீஸ் முடிந்துவிட்டது. பழகிய பிறகோ, ஓய்வு பெற்றாலும் கீழே இறங்குவதில்லை என்று முடிவே செய்துவிட்டோம்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் சின்னதாக ஒரு சோலைக்காடு, அதற்குள்ளிருந்து கிளம்பும் ஓர் ஓடை. பள்ளத்தைச் சுற்றியிருந்த சரிவெல்லாம் சீகை மரங்கள். சீகை என்று இங்கே சொல்வது சீயக்காயை இல்லை, வாட்டில் மரத்தை. இந்த மலையின் சொந்த மரம் இல்லை அது. பட்டைக்காகவும் விறகுக்காகவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. நட்டவர்கள் போய்விட்டார்கள், அது மட்டும் புல்வெளி மொத்தத்தையும் வளைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பறவை பார்க்கிற பைத்தியம் எனக்கு ஷிப்ட் வேலையால் பிடித்தது. விடிந்ததும் வேலை முடிந்து, குருவிகளைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். அந்த வழியில் பழக்கமானவர்தான் பக்கத்து ஊர் விவசாயி, படுகர். என்னைவிட இளையவர், கேரட் போடுகிறவர்.

"இந்தச் சரிவு பூரா முன்னாடி புல்லுதாண்ணா. ஓடையில கோடைக்கும் தண்ணி நிக்கும். சீகை வந்து எல்லாத்தையும் குடிச்சிருச்சு. இப்ப பொங்கல் முடிஞ்சா மண்ணு தெரியுது" என்பார். அவருடைய தோட்டத்துக்கு அந்த ஓடையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

எனக்கு வேறு கவலை. நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பழுப்புக் குருவி உண்டு. இந்த மாதிரி உயர்ந்த மலைகளின் புல்வெளியில்தான் வாழும். தரையிலேயே, புல் கொத்துக்குள் கூடு வைக்கும். சரிவின் ஓரத்தில் மிச்சமிருந்த துண்டுப் புல்லில் ஒரே ஒரு ஜோடி ஒண்டிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தண்ணீர், எனக்குக் குருவி. இருவரும் சேர்ந்து அலைய ஆரம்பித்தோம். சீகையை அகற்ற வேண்டும், மறுபடி முளைப்பதை வருடா வருடம் பிடுங்க வேண்டும், புல்லைத் திரும்ப வளர்க்க வேண்டும், இதற்கென்று அரசாங்கம் தனியாக நிதி ஒதுக்கி மலை முழுக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டோம். வனத்துறை அலுவலகம், கலெக்டர் அலுவலகம், சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசல் என்று நாங்கள் ஏறாத படி இல்லை. ஊட்டியில் மனு வாங்கும் இடத்தில் என் தலையைக் கண்டாலே, "குருவி சார் வந்துட்டாருங்க" என்று சிரிப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமைதான், பொய் சொல்வானேன்.

அப்படி வருடக்கணக்கில் அலைந்து, இனி நடக்காது என்று சோர்ந்துபோன சமயத்தில் உத்தரவு வந்தது. மலை முழுக்க இல்லை. எங்கள் சரிவு உட்படச் சில இடங்களில், முதல் கட்டமாக. விவசாயி நண்பர் ஒரு மூட்டை கேரட்டைக் கொண்டுவந்து குடியிருப்பு முழுக்கக் கொடுத்தார். என் மனைவி கேசரி கிண்டினாள். நான் ஏதோ தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நடந்துகொண்டேன்.

உத்தரவு வந்தபோது பிப்ரவரி முடியப் போகிறது. நிதி அந்த நிதியாண்டுக்கானது. மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும்.

மார்ச் மாதம் அரசு அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் ஆபீசிலும் வருடம் முழுக்கத் தூங்கின வேலையெல்லாம் மார்ச்சில்தான் விழித்துக்கொள்ளும். பளபளவென்று இருக்கிற கம்பத்துக்கே மறுபடி பெயின்ட் அடிப்போம். பறவைகள் எப்போது கூடு கட்ட ஆரம்பிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். இரண்டும் ஒரே மாதம் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

மார்ச்சில் மரம் அறுக்கும் பவர் சா சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேல் சரிவிலிருந்து மரங்கள் மளமளவென்று விழுந்துகொண்டே வந்தன. எனக்கு ஒரே குதூகலம். வேலை விட்டு வந்ததும் அங்கேதான் போய் நிற்பேன். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்கப் போன என் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் வாங்க. சோலைக்கு மேல சரிவுல இருக்கிற சீகையில ஒரு புறா உக்காந்திருக்குதுங்க. இத்தனை சத்தத்துலயும் எந்திரிக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். நீலகிரிக் காட்டுப்புறா. பிடரியில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையும். நம் கோயில் கோபுரத்துப் புறா மாதிரி மனிதரோடு பழகுகிற ஜாதி இல்லை இது. சருகு மிதிபட்டாலே படபடவென்று அடித்துக்கொண்டு சோலைக்குள் மறைந்துவிடும். பல வருடங்களில் நான் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று முகத்தைப் பார்த்தேன். நாலு குச்சியை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு கூட்டில், அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் ஒரே ஒரு முட்டை இருக்கும். இந்தப் புறா ஒன்றுக்கு மேல் இடுவதில்லை.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வனத்துறை ரேஞ்சரிடம் ஓடினேன். தென்மாவட்டத்துக்காரர், சின்ன வயது, நல்ல மனிதர். மரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே நிறுத்திடறேன். ஆனா ஃபண்ட் திரும்பிப் போயிடும். அடுத்த வருசம் வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

விவசாயி நண்பரும் அங்கேதான் இருந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, இத்தனை வருசம் அலைஞ்சிருக்கோம். தண்ணி இல்லாம இன்னொரு கோடைய நான் எப்படித் தாண்டறது?" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

என் மனைவி மட்டும், "அந்தப் புறாவுக்கு யாருங்க மனு எழுதறது?" என்றாள்.

நான்தான் வழி கண்டுபிடித்தேன். அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடலாம், குஞ்சு பொரித்துப் பறந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றேன். ரேஞ்சர் முகம் மலர்ந்துவிட்டது. அவரே தண்டைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினார். வெட்டுகிற ஆட்களும் அத்தனை பக்குவமாக, ஒரு கிளைகூட உரசாமல் சுற்றிலும் வெட்டி முடித்தார்கள். கடைசி மரம் விழுந்தபோது புறா பறந்துபோனது. சாயங்காலமே திரும்பி வந்து கூட்டில் உட்கார்ந்தது. நாங்கள் கைதட்டாத குறை. ரேஞ்சர் போனில் படமெடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். மனிதனும் பறவையும் சேர்ந்து வாழ முடியும் என்று நான் டீக்கடையில் உட்கார்ந்து பிரசங்கமே செய்தேன்.

ஆனால் அடுத்த நாள் மத்தியானம் தூரத்திலிருந்து பார்த்தபோதே நடையை நிறுத்திவிட்டேன். மொட்டைச் சரிவு, நடுவில் ஒற்றை மரம், அதன் மேல் அந்தப் புறா. வெயில் நேராக அதன் மேல் அடித்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. பறவை பார்க்கத் தெரியாதவர்கள்கூடச் சாலையில் நின்றபடியே விரல் நீட்டினார்கள். பிறந்ததிலிருந்து மறைந்தே வாழ்ந்த ஜீவன் அது. முட்டை இருந்ததால் மட்டுமே அங்கே உட்கார்ந்திருந்தது. மரத்தை நாம் விட்டுவைத்தோம். அது ஒளிந்துகொள்ள இருந்த காட்டை எடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வெட்டிய மரத்தை ஒட்டவா முடியும்?

கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ஒரு காலை வேலை முடிந்து வரும்போது கூட்டில் புறா இல்லை. மரத்தடியில் மரத்தூளின் மேல் இறகுகள் சிதறிக் கிடந்தன. வல்லூறு அடித்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்ன இறகுகளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டை மேலே இருந்ததோ, காக்கை கொண்டுபோனதோ, ஏறிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதன் ஜோடி மட்டும் சோலைக்குள்ளிருந்து அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. என் மனைவி அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்தாள். அடுத்து வந்த கோடை மழைக் காற்றில் அந்த மரமும் வேரோடு சாய்ந்தது.

நியாயமாகச் சொன்னால், எங்கள் சரிவில் நாங்கள் கேட்டதெல்லாம் பலித்தது. புல் திரும்ப வந்துவிட்டது. வருடா வருடம் சீகைக் கன்றுகளைப் பிடுங்க ஊரே கூடுகிறது. ஓடையில் கோடையிலும் தண்ணீர் கசிகிறது. நண்பரின் கேரட் பிழைத்துக்கொண்டது. நெட்டைக்காலிகள் புல்லுக்குள் குடுகுடுவென்று ஓடுகின்றன. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் என் கையைக் குலுக்கிப் பாராட்டுகிறார்கள். சாய்ந்து மட்கிப்போன அந்த அடிமரத்தில்தான் அவர்கள் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவார்கள். நான் அதில் உட்காருவதில்லை.

இப்போதும் மனு எழுதுகிறேன். கூடு கட்டும் மாதங்களில் எந்த மரத்திலும், அந்நிய மரமே ஆனாலும், பவர் சா வைக்கக் கூடாது, அதற்கேற்ப நிதியைப் பறவைகள் கூடு கட்டாத காலத்தில் தர வேண்டும் என்று அரசாங்கம் விதி செய்ய வேண்டும் என்பதுதான் இப்போதைய கோரிக்கை. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். அந்த ரேஞ்சர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விட்டார். தன் சரகத்தில் மரம் வெட்டும் வேலை வந்தால், அங்கே என்னென்ன கூடு கட்டும் என்று போனில் கேட்டுக்கொள்கிறார்.

ஒவ்வொரு மனுவையும் கவரில் போடும் முன் என் மனைவி, "மாசத்த எழுதிட்டீங்களா?" என்று கேட்பாள். எழுதிவிட்டேன் என்று தலையாட்டுவேன். ஆட்டும்போதெல்லாம், சரிவு நிறைய ஓடும் குருவிகளைவிட, வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு புறாதான் என் முன்னால் வந்து நிற்கிறது.