ரதி என் பேரை அழாத மாசி

1911 தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் இலங்கையில் பசறைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போனேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானியின் கைக்குழந்தைக்கு ஆயாவாகச் சீமைக்குக் கப்பலேற வேண்டும். அம்மா ரெங்கம்மா மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே பாலம் வரை நடந்து வந்தாள். அப்பா நல்லையா வரவில்லை. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறிப் போய்விட்டார். போகாதே என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை.

வீட்டில் அவர் பேசுவதே குறைவு. ஆனால் மாசியில் நடக்கும் காமன் கூத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான். காமன், அவருடைய ஒரே சிநேகிதர் பொன்னையா. சிவன் காமனை எரித்ததும் ரதி புருஷனுக்காக ஒப்பாரி வைப்பாள். அம்மாவின் கலியாணச் சேலையில் அப்பா நாங்கள் குடியிருந்த லயத்து வாசலுக்கு வந்தால் பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏ ரெங்கம்மா, ஒன்னவிட ஒம்புருசனுக்குத்தான் சேல எடுப்பா இருக்கு."

"அப்ப கொழுந்தெடுக்கவும் அவரையே கூட்டிட்டுப் போங்க" என்பாள் அம்மா.

சிரிப்பெல்லாம் காமன் எரியும் வரைதான். தம்பி காய்ச்சலில் இறந்த வருஷம், ரதி காமனை விட்டுவிட்டுக் காலித் தொட்டிலை அழுதாள். இந்தியாவில் எங்கள் ஊரில் தாத்தா செத்த சேதி வந்த வருஷம், கொள்ளி வைக்காத கையை அழுதாள். தம்பியைப் புதைத்த அன்று அப்பா கண்ணில் ஈரம் கண்டவர்கள் இல்லை. அவர் மனசு அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ரதியின் வாயால்தான்.

நான் கப்பலேறிய வருஷமும் அம்மா கூத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ரதி வழக்கமான அடிகளைப் பாடி முடித்தாள். மகள் என்று ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தச் சேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. கணக்கப்பிள்ளையைக் கொண்டு எனக்கு எழுதினாள், உன் அப்பா உன்னைத் தலைமுழுகிவிட்டார் என்று.

ஒரு துரைசானியை விட்டு இன்னொரு துரைசானி, ரங்கூன், கேப்டவுன் என்று போய்க்கொண்டே இருந்தேன். கப்பல் கொழும்பில் நின்றபோதும் இறங்கவில்லை. விஷக்காய்ச்சல் பரவிய வருஷம் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வந்தேன். கடைசியில் என்னைக் கேட்டாரா என்றேன். அம்மா அடுப்பை ஊதியபடியே இல்லை என்று தலையாட்டினாள்.

பொன்னையா அதற்கு முன்பே கடல் தாண்டி ஊருக்குத் திரும்பியிருந்தார். அப்பா செத்தது அவருக்குத் தெரியவே சில வருஷம் ஆகியிருக்கிறது. போன மாதம் துறையூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர் லயத்தில் எங்கள் காம்பராவைத் தேடி வந்தார். பொன்னையா சொல்லி அனுப்பியது இது:

"கருப்பம்மா, ஒங்கப்பன் இருக்கிற மட்டும் வெளிய சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான். நீ கப்பலேறுன வருசம் வேசம் கட்டும்போது சொன்னான்: 'ஒப்பாரி செத்தவங்களுக்குள்ளது. எம்மக கடல் மேல உசுரோட போறா. அவ பேர எப்படிடா அழுவேன்?' ஒவ்வொரு அடிக்கும் நடுவுல முந்தானையக் கடிச்சுக்கிட்டுத்தான் ஆடுனான்."