கிரைண்டர் பெல்ட் வாங்கப் போனவர்

கோவையைக் காலாற நடந்து பார்க்கக் கிளம்பிய எங்கள் குழு, காந்திபுரத்தில் அவரிடம் குளத்துக்கு வழி கேட்டது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் அறுந்துபோன கிரைண்டர் பெல்ட். புதிது வாங்கப் போய்க்கொண்டிருந்தார். வழி சொன்னவரிடம் ஒரு மரியாதைக்கு, "நீங்களும் வாங்களேன்" என்றேன். வந்துவிட்டார்.

குளக்கரை முழுதும் எங்களோடு நடந்தார். குளத்து நடுவிலிருந்த தீவைப் படகில் சுற்றியபோதும் பெல்ட் அவர் மடியில் இருந்தது. மனைவி போனில் கூப்பிடும்போதெல்லாம், "வந்துட்டே இருக்கேன் அம்மணி" என்றார்.

"ஊட்டுல மாவாட்டணுமல்லங்க?" என்று கேட்டேன்.

"நீங்க கூப்புட்டு நான் வராம இருந்தா நல்லாருக்குங்களா?"

கரையேறியதும், "ஊடு பக்கந்தானுங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம், வாங்க" என்றார்.

"இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றோம்.

காலையில் அவரும் இதையே சொல்லியிருக்கலாம்.