இரும்பறைக்குள் உயர்ந்த கை

பாலத்தில் பாதி தூரம் போவதற்குள் வலி திரும்பிவிட்டது. கொச்சித் துறைமுகத் தீவிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்துகொண்டிருந்தோம். நான் முன்னால், கடலில் இறங்கும்போது படகிலிருந்து எனக்குக் கயிறு பிடிக்கும் இக்கா பின்னால். இக்கா என்றால் அங்கே அண்ணன். வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டேன். அவர் கண்ணில் படக்கூடாதென்று கைப்பிடிச் சுவரோரமாக ஒதுங்கினேன். பார்த்துவிட்டார் என்பது அவருடைய செருப்புச் சத்தம் தளர்ந்ததில் தெரிந்தது.

அப்போது துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் முங்குகிற வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓட்டல், உப்பளம், ரயில்வே கூலி என்று எதிலும் நிலைக்காமல் கொச்சிக்கு வந்து சேர்ந்தவன். பித்தளைத் தொப்பியும் ஈயக் காலணியும் மாட்டிக்கொண்டு, மேலே பம்ப் அடிக்கிற காற்றை நம்பிக் கடலடியில் நடக்க வேண்டும். கிடக்கிற சங்கிலியையும் இரும்பையும் கட்டி மேலே அனுப்ப வேண்டும்.

ஏறி வந்தபின் சில நாள் மூட்டில் வலி பிடிக்கும். எங்கள் படகில் அதற்கொரு வழக்கம் இருந்தது. வலித்தால் மறுபடி இறங்குவது. "பிடிச்ச எடத்துலயே விட்டுட்டு வாடா" என்பார் இக்கா. இறங்கினால் வலி போய்விடும், அது உண்மை. ஏறினால் சற்று நேரத்தில் வேறு வலியாக வரும், மறுபடி இறங்குவேன். மழைக்காலம் தொடங்கி வேலை நின்றபோது சட்டை மாட்டக்கூடக் கை உயரவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

முங்கல்காரர்களுக்கென்று தீவில் ஓர் இரும்பறை வைத்திருந்தார்கள். எண்ணெய்த் தொட்டியைப் படுக்கவைத்தது போலிருக்கும். கனத்த கதவு, கையகலக் கண்ணாடி. உள்ளே படுக்கவைத்துக் கதவை இறுக்கிக் காற்றை ஏற்றுவார்கள். புழுங்கும், காது அடைக்கும், பேசினால் குரல் மூக்கால் வரும். பிறகு முகத்தில் ரப்பர் மூடியைப் பொருத்தி ஆக்ஸிஜன் தருவார்கள். கடலடியின் அழுத்தத்தைத் தண்ணீர் இல்லாமல் கொடுக்கிறோம் என்று டாக்டர் விளக்கியிருந்தார்.

பாலத்தில் நடந்த அன்று காலையும் அங்கே போயிருந்தேன். உள்ளே கிடந்தபோது கை தானாகத் தலைக்குமேல் உயர்ந்தது. கூட இருந்த கம்பவுண்டர், "ஆகா, சேட்டன் கொடி ஏத்தறாரே!" என்றார். எனக்கு அழுகை வந்தது. மூடிக்குள் மூக்கு ஒழுகியது, துடைக்க வழியில்லை. காற்றை இறக்கும்போது அறை குளிர்ந்து பனிமூட்டம் படர்ந்தது. கதவு திறந்து டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது.

"உள்ளே சுகம், வெளியே நோவு! ரூமை இவருக்கே வாடகைக்கு விட்டுடலாமா சாரே?" என்றார் கம்பவுண்டர்.

நானும் சிரித்துவைத்தேன். படகில் இருந்தவர்களும் நடிக்கிறான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலை உடைத்துக்கொண்டவனுக்கு ஒரு கட்டாவது இருக்கும். என்னிடம் காட்ட எதுவுமில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "ரத்தத்துல காத்துக் குமிழி அடைச்சு எலும்பு செத்திருக்கு. அன்னிக்கே வந்திருந்தா இந்த அறையிலேயே சரியாயிருக்கும். இப்போ கொஞ்ச நேரம் வலி விடும், அவ்வளவுதான். வலியோட திரும்ப இறங்கச் சொன்னது யாரு?"

இக்கா கதவருகில் நின்றிருந்தார்.

"நானாத்தான் இறங்கினேன்" என்றேன்.

"இனிமே முங்காதே. இங்கேயும் வர வேண்டாம்" என்றார் டாக்டர்.

பாலம் இறங்கியதும் இக்கா ஒரு சாயாக்கடையில் நின்றார். நான் இடது கையால் கிளாஸை எடுத்தேன். அவர் காயலில் போகிற வள்ளங்களையே பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க, கேட்டோ."

"தெரியும் இக்கா."

"டாக்டர்கிட்ட நீ என் பேரைச் சொல்லியிருக்கலாம்."

நான் சாயாவை ஊதினேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "என் தங்கச்சி பஜாரிலே சுக்குப் பண்டகசாலையில இருக்கா. பொறுக்கறதுக்கு ஆள் வேணுமாம்."

"அது பொம்பளைங்க வேலை."

"கையைத் தூக்க வேண்டாம்டா" என்றார். அவர் குரல் கெஞ்சுவது போலிருந்தது. அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை போனேன். சுக்குத் தூசி மூக்கை அரித்தது. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்க்காரி ஒருத்தி, "அண்ணே, சேலை ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்க, வரிசை முழுதும் சிரித்தது.

"சும்மா இரிடி! கடலுக்கு அடியிலே நடந்த ஆளு" என்றாள் இக்காவின் தங்கை. அதைக் கேட்டதும் இன்னும் கூசியது. வாசலில் மூட்டை இறக்கிய சுமைக்காரர்களில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சுவரைப் பார்த்தபடி கால் மடித்து உட்கார்ந்தேன். இக்காவின் தங்கை ஒரு முறம் சுக்கை என் மடியருகே தள்ளினாள். பூச்சி அரித்ததை இடப்பக்கமும் நல்லதை வலப்பக்கமும் போடத் தொடங்கினேன்.