மாடியில் டவர், சந்தில் ஜெனரேட்டர்

பெங்களூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் நின்ற வருடங்களில் எங்களுக்கு 'டவர் வீடு' என்று பெயர். ஆட்டோக்காரரிடம் ஜோகுபாளையத்தில் டவர் வீடு என்று சொன்னால் போதும், நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதற்கு முன்பு அந்த வீட்டுக்கு அடையாளம் சொல்ல ஒன்றுமே இருந்ததில்லை. ரோஸ் கலர் வீடு என்று சொல்லிப் பார்ப்போம். தெருவில் பாதி வீடு ரோஸ் கலர்தான்.

அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டு அங்கிளும் அதே அலுவலகம், அடுத்த மேஜை. அங்கிள் கன்னடக்காரர். அப்பாவோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். இருவரும் சேர்ந்தே மனை வாங்கி, ஒரே மேஸ்திரியை வைத்து, நடுவில் ஒரே சுவரைப் போட்டு வீடு கட்டினார்கள். அந்தச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்குப் பூட்டு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறில் தமிழர்களைத் தேடி அடிக்கிற அளவுக்கு ஊர் கெட்டிருந்தபோது அந்தக் கதவு வழியாகத்தான் நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். ஆண்ட்டி எங்களை உள் அறையில் படுக்க வைத்தார். அங்கிள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்லும்போதே நெற்றி வியர்த்துவிட்டது. அதைப் பற்றி அப்புறம் இரண்டு வீட்டிலும் யாரும் பேசிக்கொண்டதில்லை.

அந்தக் காலத்து கரண்ட் கட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். சாயங்காலம் கரண்ட் போனதும் தெரு முழுக்க 'ஓ' என்று ஒரு கூச்சல் எழும்பி அடங்கும். டிவி, மிக்ஸி, மோட்டார் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம்தான் தெருவுக்கே காது திறக்கும். கடைசி வீட்டு குக்கர் விசில் முதல் வீட்டில் கேட்கும். காற்று நம் பக்கம் அடித்தால் ராணுவ மைதானத்தில் ஊதும் பியூகிள்கூடக் கேட்கும். அப்பாவும் அங்கிளும் அந்தச் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பென்ஷன், அரிசி விலை, அலுவலகத்துப் பழைய வம்பு என்று பேசுவார்கள். அப்பா பேசுவது தெரு முனை வரை கேட்கும். அவர் வேலூரில் இருக்கும் சித்தப்பாவோடு பேச போன் எதற்கு, வாசலில் நின்று பேசினாலே போதுமே என்று நான் கிண்டல் செய்வேன். அம்மா ஆண்ட்டியோடு படியில் உட்கார்ந்து பூ கட்டுவாள். கரண்ட் வந்துவிட்டால் எல்லோருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்து, கையில் ஒரு செங்கல் கனத்துக்கு செல்போன் வாங்கிய சமயத்தில் டவர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்க நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறித்தான் பேசுவேன். அதனால் எனக்குப் பரம சந்தோஷம். அப்பா அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. மாடி தாங்குமா, மழை ஒழுகுமா, இடி விழுமா என்று அரசாங்க பாணியில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் சத்தத்துக்கு வந்தார்.

"சார், மேலே மிஷினுக்கு ஒரு ஏசி ரூம் போடுவோம், அது ஓடிட்டே இருக்கும். கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும். அதைக் கீழ உங்க பக்கச் சந்துலதான் வைக்கணும். நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. விவேக் நகர்ல ஒரு வீட்ல இருக்கு, நீங்களே வந்து கேட்டுப் பாருங்க" என்றார் வந்தவர்.

அப்பா அவர்களுடைய ஜீப்பில் போனார். அவருக்காகவே ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து, "ஒரு சத்தமும் இல்ல. ஈ பறக்கிற சத்தம்கூட இல்ல" என்றார். அப்பா வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. நாங்கள் நம்பினோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். அப்பா காகிதத்தோடு சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"சத்தம் எப்படி?" என்று மட்டும் அங்கிள் கேட்டார்.

"நானே போய்க் கேட்டுட்டு வந்தேன்ப்பா. ஒண்ணுமே இல்ல."

அங்கிள் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டவர் எழுந்தது. மாடியில் வெள்ளைத் தகர அறை ஒன்று வந்தது. அதன் ஏசி ராப்பகலாக 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. அதையாவது பழகிக்கொள்ளலாம். முதல் முறை கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தபோது, சமையலறைப் பரணில் அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் கிணுகிணுவென்று ஆடியது. அம்மா நிலநடுக்கம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினாள். ஜெனரேட்டர் வைத்த சந்து அங்கிள் வீட்டுச் சுவரை ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய படுக்கையறை ஜன்னல். ஆண்ட்டிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு.

அப்பா மட்டும் சாய்வு நாற்காலியில் சுகமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தச் சத்தத்துல எப்படிப்பா படிக்கிறீங்க?"

"எந்தச் சத்தம்?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம், பிடிவாதம் என்று நினைத்தேன். அதற்கும் அடுத்த வாரம், வாடகை வருகிற ஆசையில் சாதிக்கிறார் என்று எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் என்று அம்மா தினமும் புலம்பினாள். "இவர்கிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்பாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! சொல்கிறவளுக்கும் உறைக்கவில்லை, பக்கத்தில் நின்று தலையாட்டுகிற எனக்கும் உறைக்கவில்லை.

கரண்ட் போனால் வாசலுக்கு வருகிற வழக்கம் தெருவில் நின்றுபோனது. வெளியே வந்தால் ஜெனரேட்டர், உள்ளே இருந்தால் புழுக்கம். ஜனங்கள் புழுக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா மட்டும் வழக்கம்போல நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என்ன இது, ஒருத்தரையும் காணோம் என்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அங்கிள் வந்தார். அப்பாவுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "நோடப்பா, ஜெனரேட்டரை ஸ்வல்ப அந்தப் பக்கம் மாத்தச் சொல்லு. இவளுக்குத் தாங்க முடியல. டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தோம்."

"சத்தமே இல்லாததுக்கு எதுக்குப்பா மாத்தணும்?" என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய வழக்கமான பெரிய குரலில், "எனக்கு நாலு காசு வந்தா உனக்கு ஏன் கண்ணு உறுத்துது?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. யாரைப் பார்த்து, என்ன பேச்சு! அங்கிள் திரும்பிப் போய்ச் சின்னக் கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாநகராட்சியில் புகார் கொடுங்கள் என்று தெருவே அங்கிளைத் தூண்டியது. அவர் கொடுக்கவில்லை. அம்மா போய் ஆண்ட்டியிடம் அழுதுவிட்டு வந்தாள். அப்பா ரோஷத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். ஆனால் நாளுக்கு நாள் சாப்பாடு குறைந்தது. முப்பது வருடச் சிநேகிதம் ஆயிற்றே.

உண்மை வெளிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெனரேட்டரைச் சர்வீஸ் செய்ய மெக்கானிக் வந்திருந்தார். அவர் அதை ஓடவிட்டு, எட்ட நின்று கவனித்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து வைத்திருந்ததால் சத்தம் காதைப் பிளந்தது. நான் ஜன்னலைச் சாத்த வந்தேன். அப்பா சந்துக்குள் வந்து மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஜெனரேட்டரைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எப்பப்பா ஸ்டார்ட் பண்ணப் போற?"

மெக்கானிக் திரும்பி ஜன்னலில் இருந்த என்னைப் பார்த்தார்.

காது டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப் போக நானும் அம்மாவும் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கதை. டாக்டர் சோதித்துவிட்டு விளக்கினார். சிலருக்குத் தாழ்ந்த, கனமான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். எதிரில் நின்று பேசினால் குரல் கேட்கும், வாயசைவும் சேர்ந்து புரியும். அதனால் அவருக்கும் தெரிந்திருக்காது, வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்காது என்றார். பல வருடங்களாகவே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன லட்சணத்தில் அவரைக் கவனித்திருக்கிறோம்!

காதில் மிஷினை வைத்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று ஆட்டோ ஹாரனுக்கெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி தூக்கிப் போட்டார். அம்மா தட்டு வைக்கிற சத்தத்துக்கு, "ஏன் இப்படிப் போட்டு உடைக்கிற?" என்றார். சாயங்காலம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்தது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "இதையா?" என்றார். "இதையா இத்தனை நாளும் கேட்டுட்டு இருந்தீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். கதவைத் திறந்த அங்கிள், அப்பாவின் காதில் இருந்ததைப் பார்த்தார்.

"சத்தம் இருக்குப்பா" என்றார் அப்பா. முதல் முறையாக அவர் குரல் சின்னதாக இருந்தது. "ரொம்ப இருக்கு. எனக்குக் காது கேக்கலையாம்."

"தெரியும்" என்றார் அங்கிள்.

"அங்கிள், உங்களுக்குத் தெரியுமா?" என்று நான்தான் கத்தினேன்.

"ஆபீஸ்லயே தெரியும்மா. பின்னாடி இருந்து கூப்ட்டா திரும்ப மாட்டார். அதான் எப்பவும் எதிர்ல உக்காந்துதான் பேசுவேன், நீ பாத்ததில்லையா?"

அப்பா கேட்டார். "அப்புறம் ஏன்யா கையெழுத்துப் போட்ட?"

"நீ போய்க் கேட்டுட்டு வந்தேன்னு சொன்ன. கையெழுத்துப் போடலன்னா உனக்குக் காது சரியில்லன்னு உன் பொண்ணு எதிர்ல நான் சொல்லணும். எப்படிப்பா சொல்றது?"

உள்ளே இருந்து ஆண்ட்டி வந்தார். நெற்றியில் ஈரத் துணி கட்டியிருந்தார். "ஹௌதுரீ, ஆமா" என்றார், இருவரையும் மாறி மாறிப் பார்த்து. "நீங்க ரெண்டு பேரும் மரியாதை காப்பாத்திக்கிட்டீங்க. வெடிச்சது என் தலைதான்."

அப்பா ஆண்ட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புதாம்மா" என்றார். அங்கிள்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாளே அப்பா கம்பெனிக்காரர்களைப் பிடித்தார். ஜெனரேட்டரை வீட்டின் மறுபக்கம், எங்கள் படுக்கையறையை ஒட்டி மாற்றச் சொன்னார். அடியில் ரப்பர் கட்டை போடு, சுற்றிச் சுவர் எழுப்பு, இல்லாவிட்டால் டவரையே கழற்றிக்கொண்டு போ என்று சண்டை போட்டார். அவர்கள் இதோ வருகிறோம், அதோ வருகிறோம் என்று ஒரு கோடைக்காலத்தையே ஓட்டினார்கள். அதுவரைக்கும் கரண்ட் போகும்போதெல்லாம் ஆண்ட்டி எங்கள் முன் அறையில் வந்து படுத்துக்கொள்வார். சத்தம் அங்கே கொஞ்சம் குறைவு. அப்பா மட்டும் சந்துப் பக்கத்து ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். முகம் சுருங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். காதில் இருந்த மிஷின், சத்தத்தை இன்னும் பெரிதாக்கித்தான் கொடுக்கும்.

பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் அம்மா சொன்னாள். "அதைக் காதுல இருந்து கழட்டி வைங்களேன். உங்களுக்குத்தான் அந்த வசதி இருக்கே."

முன் அறையில் படுத்திருந்த ஆண்ட்டியைக் காட்டி, "அவங்க எங்க கழட்டி வெச்சாங்க?" என்றார் அப்பா.