நாலு மணிக்குக் குளித்தவர்கள்

யாராவது வாசலில் நின்று வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளைகள் இதை என் கிறுக்குத்தனங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். சேர்க்கட்டும். அவர்கள் மாதுங்காவிலிருந்த அந்த லாட்ஜுக்கு வந்து இறங்கியவர்கள் அல்ல.

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்கு ஒன்பது வயது. அப்பா பம்பாயில், விக்ரோலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மாதுங்காவில் எங்கள் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்திய லாட்ஜில் தங்கியிருந்தார். சித்தப்பாவுக்கும் அதே அறைதான். அப்பாவுக்கு உடம்பு மோசம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வரவும் என்று சித்தப்பா தந்தி அடித்தார். அன்று மாலையே அம்மா என்னை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

மதராஸில் வண்டி மாறினோம். பாதி வழியில் அந்த வண்டி வெட்டவெளியில் நின்றது. முன்னால் ஏதோ சரக்கு வண்டி தடம் புரண்டுவிட்டதாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் இல்லை, ஒரு முழு நாள். வெயிலில் பெட்டி கொதித்தது, கூஜாவில் தண்ணீர் தீர்ந்தது. மற்றவர்கள் சீட்டாடினார்கள். அம்மா சண்டை போட்டாள். அரை மணிக்கொரு தரம் இறங்கி, சரளைக்கல்லில் செருப்பில்லாமல் நடந்து, கார்டிடம் போய் நிற்பாள்.

"ஏ ஐயா, எங்க வீட்டுல அவிய ஆஸ்பத்திரில கெடக்காவ. வண்டிய எடுக்கியளா, இல்ல நான் நடந்து போவட்டுமா?"

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார். ஊரில் அதிர்ந்து பேசாத அம்மா இப்படிச் சத்தம் போட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் என் பங்குக்கு எஞ்சினைப் பார்த்து இரண்டு கல்லை விட்டெறிந்தேன்.

ஒருவழியாகத் தாதரில் இறங்கினோம். கூப்பிட்டுப் போக யாரும் வரவில்லை. கடித உறையிலிருந்த விலாசத்தைக் காட்டி டாக்ஸி பிடித்தோம். லாட்ஜ் வாசலில் போய் நின்றபோது மணி நாலு இருக்கும்.

அங்கே ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் தலையும் ஈரமாக இருந்தது. மாடிக் கம்பியில் வரிசையாக ஈர வேட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. பம்பாய்க்காரர்கள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் குளிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் நிமிர்ந்து அந்த வேட்டிகளைப் பார்த்தாள். பிறகு அந்த ஈரத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

லாட்ஜ்காரர் ஓடி வந்தார்.

"வாங்கம்மா, வாங்க, வாங்க. பிள்ள வாடிப் போச்சுல்லா. மொதல்ல சாப்பிடுங்க."

ஒருவர் பெட்டியை வாங்கினார், ஒருவர் பாய் விரித்தார், ஒருவர் எனக்கு விசிறிவிடக்கூடச் செய்தார். அப்படி ஒரு உபசாரம். சித்தப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா எங்க சித்தப்பா?"

"ஆஸ்பத்திரில தூங்குதாவ. நீ சாப்பிடு தாயி."

ஆவி பறக்க இட்லி வந்தது. வழியெல்லாம் சண்டை போட்ட அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கேட்கவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு ஊட்ட ஆரம்பித்தாள், ஒன்பது வயதுப் பெண்ணுக்கு! பசியில் நாலு இட்லி போனது. ஐந்தாவதை அவள் பிட்டபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒனக்கு அப்பா மேல அக்கறையே இல்ல!" என்று கத்தி, அவள் கையைத் தட்டிவிட்டேன். இட்லி தரையெல்லாம் சிதறியது. அவள் திட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு தின்னு," என்றாள். "பொறவு போவம்."

அன்று மத்தியானம்தான் அப்பாவை எரித்துவிட்டு வந்து எல்லோரும் குளித்திருக்கிறார்கள். மே மாத வெயிலில் உடலை வைத்திருக்க முடியவில்லையாம். வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லையாம். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் இன்னும் மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால் நான் அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன். அந்த நியாயத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. தூங்குகிறார் என்று சொன்ன சித்தப்பாவையும்தான்.

அம்மாவுக்கு அந்த வேட்டிகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு அப்பா இருந்தார். அதை இன்னும் ஒரு இட்லி நேரத்துக்கு நீட்டத்தான் அவள் அப்படிக் கெஞ்சியிருக்கிறாள். அன்று நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.